பட்ட மரத்தைச் சாய்த்து விறகாக்குவது எப்படி?

பச்சை மரம் வெட்டிப் பழகியவர்கள்தான் பட்ட மரத்தில் அதிகம் ஏமாறுகிறார்கள். பச்சை மரத்தின் நார் வளைந்து கொடுக்கும். அறுக்காமல் விட்ட பகுதி கடைசிவரை மரத்தைப் பிடித்திருந்து, நாம் காட்டிய பக்கமாக மெல்லப் படுக்க வைக்கும். பட்ட மரத்தில் அந்த நார் வளையாது, படக்கென்று ஒடியும். எந்தப் பக்கம் ஒடியும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதைவிட மோசமானது உச்சி. கீழே கோடாலி விழுகிற அதிர்விலேயே மேலே காய்ந்து நிற்கும் வாது (பெரிய கிளை) கழன்றுவிடும். 10 செ.மீ. பருமனும் 3 மீட்டர் நீளமும் உள்ள காய்ந்த வேப்பங்கிளை ஏறக்குறைய 16 கிலோ இருக்கும். 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் அது ஆள் தலைக்கு வரும்போது மணிக்கு ஏறக்குறைய 45 கி.மீ. வேகத்தில் வரும். ஓட நேரம் இருக்காது.

ஆகவே இந்த வேலையில் பாதி, எதைத் தொடக்கூடாது என்று முடிவு செய்வது. மீதிப் பாதி, அடியில் நிற்கும் நேரத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைப்பது. தமிழ்நாட்டுச் சமவெளியில் சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கும் வேம்பு, புளி, வாகை, சீமைக்கருவேலம், தென்னை போன்றவற்றை மனதில் வைத்தே இங்கே சொல்கிறோம்.

முதலில், மரம் உண்மையிலேயே பட்டுவிட்டதா?

மாசி, பங்குனியில் இலை இல்லாமல் நிற்கும் மரமெல்லாம் பட்ட மரம் அல்ல. வாகை, ஒதியம், இலவம், இலுப்பை எல்லாம் அந்தப் பருவத்தில் இலை உதிர்த்து மொட்டையாக நிற்பவைதான். வேம்பு இன்னொரு வகையில் ஏமாற்றும். மழைக்காலத்தில் பூஞ்சையால் வரும் நுனிக்கருகல் நோய் தாக்கினால் மரம் முழுக்கப் பழுப்பாகி, செத்துப்போனது போலவே தெரியும். அடுத்த கோடையில் பெரும்பாலும் மீண்டும் தளிர்த்துவிடும். இதைப் பார்த்துப் பதறி நல்ல வேம்பை வெட்டிவிட்டவர்கள் நிறையப் பேர்.

பென்சில் பருமனுள்ள குச்சி ஒன்றை வளைத்துப் பாருங்கள். வளைந்தால் உயிர் இருக்கிறது, படக்கென்று ஒடிந்தால் அந்தக் குச்சி செத்துவிட்டது. அதன்பிறகு அடிமரத்தில் மார்பு உயரத்தில் நான்கு பக்கமும் கத்தி நுனியால் பட்டையைச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் கை வைக்காதீர்கள். நான்கு பக்கமும் பழுப்பாகவும் உலர்ந்தும் இருந்தால்தான் மரம் பட்டுவிட்டது. ஒரு பக்கம் மட்டும் பட்டிருந்தால் அந்தப் பக்கத்து வாதை மட்டும் கழித்தால் போதும். வீடு, பாதை, கொட்டகை எதற்கும் ஆபத்தில்லாத இடத்தில் நிற்கும் மரம் என்றால் ஒரு மழைக்காலம் பொறுத்துப் பார்ப்பதே நியாயம்.

பட்டது உறுதியானால் தள்ளிப்போடக் கூடாது. மெல்லிய சுள்ளிகள் இன்னும் ஒட்டியிருக்கிற, பட்டை இறுகியிருக்கிற மரம் பச்சை மரத்துக்குக் கிட்டத்தட்ட சமமாக நடந்துகொள்ளும். சுள்ளி உதிர்ந்து, பட்டை தகடு தகடாகக் கழன்று, கறையான் மண் ஏறிய பிறகு ஒவ்வொரு மழையும் அதை இன்னும் நம்பமுடியாததாக ஆக்குகிறது. முதல் ஆண்டிலேயே இறக்கிவிடுங்கள். விறகும் அப்போதுதான் தரமாக இருக்கும்.

யாருடைய மரம்?

பட்டுப்போனதால் மரம் பொதுச்சொத்து ஆகிவிடாது. ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம், சாலையோரம், புறம்போக்கு மரங்கள் அந்தந்த அரசுத் துறைக்கோ ஊராட்சிக்கோ உரியவை. காப்புக்காட்டில் காய்ந்து விழுந்த கட்டையும் வனத்துறையின் பொறுப்பில் உள்ளதே. சொந்த நிலத்தில் இருந்தாலும் சந்தன மரத்தை, அது காய்ந்து நின்றாலும், வனத்துறைக்குச் சொல்லாமல் தொடக்கூடாது. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். 2021-இல் வந்த வேளாண் நிதிநிலை அறிக்கைக்குப் பிறகு பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். நீலகிரி, கொடைக்கானல் போன்ற அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் 1955-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அங்கே பட்டா நிலத்து மரத்துக்கும் அனுமதி தேவை. வெட்டிய கட்டையை வண்டியில் ஏற்றி வெளியே கொண்டுபோவதாக இருந்தால் மர வகையைப் பொறுத்து வனத்துறையின் போக்குவரத்து அனுமதிச்சீட்டு கேட்பார்கள். வெட்டுவதற்கு முன்பே கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மரத்தைச் சுற்றி ஒரு நடை

கருவியை எடுக்காமல், வெறுங்கையோடு மரத்தைச் சுற்றி வாருங்கள். முதல் சுற்றைத் தூரத்திலிருந்து, கண்ணை உச்சியில் வைத்துப் போட வேண்டும். ஒடிந்து மாட்டிக்கொண்டிருக்கும் கிளை, பாதி பிளந்த கவை, தேன்கூடு, கதண்டுக் கூடு எல்லாம் தூரத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். கதண்டுக் கூடு இருந்தால் வேலையை அன்றே நிறுத்திவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். நெருப்பு வைத்து விரட்டும் வேலை வேண்டாம். காய்ந்த மரத்தின் பொந்துக்குள் தீ பிடித்தால் அது நாள்கணக்கில் உள்ளேயே கனன்று, எதிர்பாராத நேரத்தில் மரத்தைச் சாய்த்துவிடும்.

இரண்டாவது சுற்று அடிமரத்துக்கு. கோடாலியின் பின்புறத்தால் முழங்கால் உயரத்திலும் மார்பு உயரத்திலும் சுற்றிலும் மெதுவாகத் தட்டுங்கள். கெட்டியான மரம் கணீரென்று பதில் சொல்லும். உள்ளே பொந்தானது பொத்தென்று ஒலிக்கும். சந்தேகம் இருந்தால் நீளமான மெல்லிய துளைப்பான் ஊசியால் இரண்டு மூன்று இடத்தில் துளையிட்டு, வருகிற தூளைப் பாருங்கள். வெளிர்நிறச் சுருள் வந்தால் நல்ல கட்டை. கருத்த மாவாக வந்தாலோ ஊசி திடீரென்று உள்ளே ஓடினாலோ அங்கே கட்டை இல்லை. 40 செ.மீ. விட்டமுள்ள மரத்துக்கு ஆரம் 20 செ.மீ. சுற்றிலும் 7 செ.மீ. நல்ல கட்டைகூட இல்லாவிட்டால் அந்த மரம் காற்றுக்கே தாங்காது. அதைக் கையால் அறுக்கக் கூடாது.

தூரில் கடப்பாரையைக் குத்திப் பாருங்கள். வேர் தொடங்கும் இடத்தில் அது எளிதாக இறங்கினால் வேர் மக்கிவிட்டது என்று பொருள். தூரைச் சுற்றி மண் வெடித்திருந்தாலும், ஒரு பக்கம் மேடு தட்டியிருந்தாலும், குடை போன்ற காளான் முளைத்திருந்தாலும் இதே முடிவுதான். இப்படிப்பட்ட மரம் நாம் அறுக்கும் வரை காத்திருக்காது.

சாய்வை வெறும் கண்ணால் மதிப்பிட்டால் தவறும். கொத்தனாரின் தூக்குக்குண்டை நூலில் கட்டிக் கையை நீட்டிப் பிடித்து, நூலையும் மரத்தையும் ஒன்றாகப் பாருங்கள். பிறகு மரத்தைக் கால்வட்டம் சுற்றிப் பக்கவாட்டுக்குப் போய் இன்னொரு முறை பாருங்கள். உச்சிக் கிளைகளின் பாரம் எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பட்ட மரத்தை அதன் சாய்வுக்கு எதிராகவோ பக்கவாட்டிலோ திருப்ப முயல்வது வேண்டாம். திருப்புகிற வேலையைச் செய்யும் நார் அதில் இல்லை.

உயரம் அளக்க ஒரு குச்சி போதும். கையை நேராக நீட்டி, கண்ணிலிருந்து கைப்பிடி வரை உள்ள நீளத்துக்குச் சமமான குச்சியைச் செங்குத்தாகப் பிடியுங்கள். குச்சியின் அடி மரத்தின் தூரிலும் நுனி உச்சியிலும் பொருந்தும்வரை சமதரையில் பின்னால் போங்கள். பொருந்தும் இடத்திலிருந்து மரம் வரை உள்ள தூரமே மரத்தின் உயரம். அந்த உயரத்தைப்போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் வெட்டுபவரைத் தவிர யாரும், மாடு கன்றுகூட, இருக்கக் கூடாது. விழுந்த வேகத்தில் காய்ந்த கிளைகள் சிதறிப் பறக்கும் தூரமும் அதற்குள் அடங்க வேண்டும்.

மரத்தின் உயரத்துக்குச் சமமான தூரத்துக்குள் மின்கம்பி ஓடுகிறதா? அப்படியென்றால் அது உங்கள் வேலை அல்ல. மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுத்து, அவர்கள் மின்சாரத்தை நிறுத்தி, ஆள் நின்று சரி என்று சொன்ன பிறகே கை வைக்க வேண்டும். காய்ந்த கட்டை மின்சாரத்தைக் கடத்தாது என்று நம்பிச் செத்தவர்கள் உண்டு. பனி ஈரமே போதும்.

பொந்துகளைக் கடைசியாகப் பாருங்கள். நாகமும் கட்டுவிரியனும் பொந்திலும் தூர் வெடிப்பிலும் தங்கும். கழன்ற பட்டைக்கு அடியில் தேள் இருக்கும். கையை விடாமல் நீண்ட கம்பால் தட்டிப் பாருங்கள். கிளியோ மைனாவோ ஆந்தையோ குஞ்சு பொரித்திருந்தால் அவை பறந்து போகும்வரை காத்திருங்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதைத்தான் கேட்கிறது. எலித்தொல்லை உள்ள வயலுக்கு ஆந்தையைவிட நல்ல காவல் கிடையாது. வரப்பு மூலையில், ஆள் நடக்காத இடத்தில் நிற்கும் ஒன்றிரண்டு பட்ட மரங்களை அப்படியே விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். அவற்றிலிருந்து கிடைக்கும் விறகைவிட அவை நிற்பதால் கிடைக்கும் நன்மை பெரிது.

நாள், ஆள், கருவி

தை, மாசி மாதங்கள் ஏற்றவை. மண் இறுகியிருக்கும், காற்று குறைவு, வெட்டியதைக் கோடை முழுதும் காயவைக்கலாம். ஆடிக் காற்றில் இந்த வேலையே வேண்டாம். கம்பம், தென்காசி, பொள்ளாச்சி போன்ற கணவாய்க் காற்று அடிக்கும் ஊர்களில் வைகாசிக் கடைசியிலேயே நிறுத்திவிட வேண்டும். மழை பெய்த மறுநாளும் கூடாது. நீர் குடித்த காய்ந்த கிளைக்குப் பாரம் கூடியிருக்கும். காலை வேளையில், காற்று எழும்புமுன் சாய்த்துவிடுங்கள்.

தனியாக யாரும் போகக் கூடாது. குறைந்தது மூன்று பேர் வேண்டும். ஒருவர் அறுக்க, ஒருவர் கயிறு பிடிக்க, மூன்றாமவருக்கு உச்சியைப் பார்ப்பது மட்டுமே வேலை. அவர் கையில் விசில் இருக்கட்டும். மேலே ஏதாவது அசைந்தால் ஊத வேண்டும். செயின்சா ஓடும்போது வாயால் கத்துவது அறுப்பவர் காதில் விழாது.

ஹெல்மெட் கட்டாயம். வண்டி ஓட்டுகிற ஹெல்மெட்டாவது போடுங்கள், ஆனால் கண்ணாடி மூடி இருந்தால் மேலே பார்ப்பதற்குத் தடையாகாதபடி தூக்கி வையுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கணுக்காலை மூடும் பூட்ஸ், தொடையை மூடும் கனமான கால்சட்டை வேண்டும். லுங்கியும் ரப்பர் செருப்புமாக செயின்சா பிடிப்பதை ஊர் ஊராகப் பார்க்க முடிகிறது. சங்கிலி தொடையைத் தொட்டால் ஒரு நொடியில் எலும்பு வரை போய்விடும், கட்டுப்போட ஆள் இல்லாவிட்டால் 108 வருவதற்குள் உயிர் போய்விடும்.

30 செ.மீ. வரை உள்ள மரத்துக்கு நல்ல கைரம்பமே போதும், அது மேலேயும் குறைவாகத்தான் அதிர வைக்கும். அதற்கு மேல் என்றால் 16 அல்லது 18 அங்குல செயின்சா. பட்ட மரத்தைக் கோடாலியால் சாய்ப்பதை நாங்கள் பரிந்துரைப்பதே இல்லை. ஒவ்வொரு வெட்டும் உச்சியை உலுக்குகிறது, வெட்டுபவரோ நேர் அடியில் நிற்கிறார்.

செயின்சாவுக்கு ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில் என்பது பொதுவான கலவை. மெஷினோடு வந்த புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். மெஷின் சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றாதீர்கள். காய்ந்த சருகு நிறைந்த இடம் அது. கறையான் மண் ஏறிய பட்டை சங்கிலியைச் சீக்கிரம் மழுக்கிவிடும். ஆகவே அறுக்கிற இடத்தில் பட்டையை அரிவாளால் சீவிவிட்டு, பழைய ஆணியோ முள்கம்பியோ புதைந்திருக்கிறதா என்று பாருங்கள். வேலி ஓர மரத்திலும் விளம்பரத் தகடு அடித்த மரத்திலும் கட்டாயம் இருக்கும். சங்கிலி ஓடும் அலகின் நுனி மேற்பகுதி எதிலும் இடிக்கக் கூடாது. இடித்தால் மெஷின் முகத்துக்கு எகிறும்.

சாய்க்கும் முறை

கயிறுதான் முதலில். 16 மி.மீ. பருமனுக்குக் குறையாத, வெயிலில் நைந்துபோகாத பாலியெஸ்டர் கயிறு, மரத்தின் உயரத்தைப்போல மூன்று மடங்கு நீளம் வேண்டும். மரத்தில் ஏறக் கூடாது, ஏணியும் சாய்க்கக் கூடாது. நீண்ட மூங்கிலின் கவையில் சுருக்கை மாட்டி, நடுத்தண்டில் எட்டுமட்டும் உயரத்தில் போட்டு இறுக்குங்கள். கிளையில் மாட்டினால் கிளைதான் முறிந்து வரும். சாயும் திசையில், மரத்தின் உயரத்தைவிடக் கூடுதலான தூரத்தில் உயிருள்ள பெரிய மரம் இருந்தால் அதன் அடியில் கப்பி கட்டி, கயிற்றை அதன்வழியாகத் திருப்பிப் பக்கவாட்டிலிருந்து இழுங்கள். இழுப்பவர்கள் விழும் வழியில் நிற்க நேராது. டிராக்டரால் இழுத்தால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். அந்த உலுக்கலில் மரத்தின் பாதி ஒடிந்து பின்பக்கம், அறுப்பவர் மேல், விழும்.

ஓடும் வழியை அறுக்கும்முன் சுத்தம் செய்து வையுங்கள். சாயும் திசைக்கு நேர் பின்னால் ஓடக் கூடாது, அடிக்கட்டை பின்னுக்கு உதைக்கும். பின்பக்கமாக 45 பாகைச் சாய்வில் இடமும் வலமும் இரண்டு வழிகள், ஒவ்வொன்றும் ஐந்தாறு மீட்டராவது முள்ளும் கல்லும் இல்லாமல் இருக்கட்டும்.

இனி அறுப்பு. சாயும் பக்கத்தில், தொடை உயரத்துக்குக் கீழே, முதலில் மேலிருந்து சரிவாக ஒரு வெட்டு, அதைச் சந்திக்கும்படி கிடைமட்டமாக இன்னொரு வெட்டு. இரண்டும் சேர்ந்து ஒரு வாய் திறக்கும். ஆழம் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் நாலில் ஒரு பங்குக்கும் இடையே இருக்கட்டும். 40 செ.மீ. மரமென்றால் 8 முதல் 10 செ.மீ. வாய் அகலமாக, 60 பாகைக்குக் குறையாமல் திறந்திருக்க வேண்டும். வாய் குறுகலாக இருந்தால் மரம் பாதி சாய்ந்ததுமே இரண்டு உதடும் மோதி, மிச்சமிருக்கும் நாரை ஒடித்துவிடும்.

பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து, வாயின் கோட்டைவிட 3 செ.மீ. உயரத்தில், கிடைமட்டமாகப் பின்வெட்டு. இரண்டு வெட்டுக்கும் இடையில் அறுக்காமல் விடும் கட்டைப் பகுதிதான் கதவுக்குக் கீல் போல மரத்தைத் திருப்பி இறக்குவது. பச்சை மரத்தில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு விட்டால் போதும். பட்ட மரத்தில் அதைவிடத் தடிமனாக விடுங்கள். 40 செ.மீ. மரத்துக்கு 5 முதல் 6 செ.மீ. இரண்டு ஓரமும் ஒரே தடிமனில் இருக்கட்டும். ஒரு ஓரம் மெலிந்தால் மரம் முறுக்கிக்கொண்டு மறுபக்கம் போகும்.

அறுக்கும்போது தூளின் நிறத்தைக் கவனியுங்கள். சில்லு சில்லாக வந்துகொண்டிருந்தது திடீரென்று பழுப்பு மாவாக மாறினால் உள்ளே அழுகல். அங்கேயே நிறுத்தி வெளியே வந்து, மீதியைக் கயிற்றால் முடியுமா என்று பாருங்கள். ஆப்பு அடித்து மரத்தைத் தள்ளும் பழக்கம் இங்கே உதவாது. ஒவ்வொரு சம்மட்டி அடியும் உச்சிக்குப் போகிறது. கீலுக்கு வேண்டிய தடிமன் மிஞ்சியதும் மெஷினை அணைத்து, ஒதுங்கும் வழியில் வெளியே வந்து, பிறகுதான் இழுக்கச் சொல்ல வேண்டும். கடைசி அசைவின்போது அடியில் ஒருவரும் இருக்கக் கூடாது. இந்த முறையின் உயிரே இதில்தான் இருக்கிறது.

விழுந்த பிறகும் உடனே போகாதீர்கள். தூசி அடங்கட்டும். பக்கத்து மரங்களில் மாட்டிய துண்டுகள் விழுந்து தீரட்டும்.

பக்கத்து மரத்தில் சாய்ந்து மாட்டிக்கொண்டால் பெரும்பாலும் ஆள் சாவது அப்போதுதான். தாங்கி நிற்கும் மரத்தை வெட்டப் போவார்கள், அல்லது மாட்டிய மரத்தின் மேல் ஏறுவார்கள். இரண்டும் கூடவே கூடாது. அடிக்கட்டையில் கயிறு கட்டி, தூரத்திலிருந்து டிராக்டரால் பின்னோக்கி இழுங்கள். அன்றைக்கு டிராக்டர் கிடைக்காவிட்டால் சுற்றிலும் கயிறு கட்டி, ஊராருக்குச் சொல்லிவிட்டு வாருங்கள்.

பொந்து மிகுந்த மரத்துக்கும், தூர் மக்கிய மரத்துக்கும் நீண்ட கையுள்ள ஹிட்டாச்சி மெஷின்தான் வழி. ஜேசிபியின் முன்வாளி உயரமான மரத்துக்கு ஏற்றதல்ல, தள்ளும்போது உச்சி ஒடிந்து ஓட்டுநர் அறையின் மேலேயே விழக்கூடும்.

சீமைக்கருவேலமும் தென்னையும்

சீமைக்கருவேலம் காய்ந்தாலும் முள் மழுங்குவதில்லை. முள் உள்ளே ஒடிந்தால் வாரக்கணக்கில் வீங்கி நோகும், மூட்டருகே குத்தினால் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். மெல்லிய செருப்பை முள் துளைத்துவிடும். வெளிவட்டத்திலிருந்து உள்ளே போகிறபடி, நீண்ட கவைக்கம்பால் கிளையைத் தாங்கிப் பிடித்து அரிவாளால் கழித்து, முள்ளை ஒரே பக்கம் குவித்துக்கொண்டே போங்கள். அடிமரத்தை நெருங்குவது கடைசியில். பல தண்டுகள் ஒன்றோடொன்று பின்னியிருக்கும். ஒன்றை அறுத்தால் வளைந்திருந்த இன்னொன்று சடாரென்று நிமிரும். மேலே பட்டிருந்தாலும் தூரில் உயிர் இருந்தால் மழைக்குத் துளிர்த்துவிடும், ஆகவே தூரைத் தோண்டி எடுங்கள். அதுவே நல்ல விறகு, அடுப்பில் நெடுநேரம் நின்று எரியும்.

தென்னை வேறு மாதிரி. வெளிச்சுற்றில் மட்டுமே வலு, உள்ளே பஞ்சு. கொண்டை விழுந்து மொட்டையாக நிற்கும் தென்னையில் தென்னை ஏறிப் பழகியவரும் ஏறக்கூடாது. மட்டை காய்ந்து தொங்கும் தென்னையில் கொண்டை மொத்தமாகக் கழன்று விழலாம் என்பதால் அடியில் நின்று அறுக்கும் நேரத்தை இன்னும் குறைக்க வேண்டும். அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு வடிந்து செத்திருந்தால் அது தஞ்சாவூர் வாடல் எனப்படும் அடித்தண்டழுகல் நோயாக இருக்கலாம். அப்படியானால் தூரையும் வேரையும் தோண்டி எடுத்து எரித்துவிடுங்கள், பக்கத்துத் தென்னைகளுக்குப் பரவும். வெட்டிய தென்னங்கட்டையைத் தோப்பில் கிடந்து மக்க விடாதீர்கள். காண்டாமிருக வண்டு மக்கும் கட்டையில்தான் முட்டையிடும். விறகாக அது சுமார்தான், வெளிச்சுற்றைப் பிளந்து உடனே காயவைத்தால் அவசரத் தீக்கு உதவும்.

2018 நவம்பரில் கஜா புயலில் விழுந்தது போன்ற, வேரோடு பெயர்ந்து கிடக்கும் மரத்துக்கு ஒரு எச்சரிக்கை. அடிமரத்தை அறுத்தவுடன் வேர்ப்பந்து பழைய குழிக்குள் திரும்பி விழும். குழிக்குள்ளோ வேருக்குப் பின்னாலோ யாரும் நிற்கவே கூடாது. நுனியிலிருந்து அறுத்துக்கொண்டே வந்து, தூரை ஒட்டி இரண்டு மீட்டர் கட்டையை எதிர்ப்பாரமாக விட்டுவிடுங்கள்.

துண்டு போடுவதும் பிளப்பதும்

படுத்திருக்கும் மரத்தில் முதலில் கிளைகளைக் கழியுங்கள். மரம் உருண்டு வராத பக்கத்தில், சரிவென்றால் மேட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். மரத்தைத் தாங்கி நிற்கும் அடிக்கிளைகளைக் கடைசிவரை விட்டுவைக்க வேண்டும். இரண்டு முனையிலும் தாங்கி நடுவில் தொங்கும் கட்டையை மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டுக் கீழிருந்து முடியுங்கள். ஒரு முனை அந்தரத்தில் இருந்தால் நேர்மாறாக. இதை மாற்றிச் செய்தால் ரம்பம் மாட்டிக்கொள்ளும், கட்டை நடுவில் பிளக்கும்.

வீட்டு அடுப்புக்கு 40 செ.மீ. நீளம் சரி. 40 செ.மீ. பருமனுள்ள காய்ந்த வேப்பங்கட்டை ஒரு மீட்டர் நீளத்திலேயே ஏறக்குறைய 90 கிலோ இருக்கும். தூக்குவதைவிட அதே இடத்தில் துண்டாக்குவது நல்லது.

பிளக்க 2 முதல் 2.5 கிலோ கோடாலி, முழங்காலுக்குக் கீழான உயரத்தில் அடிமணை, அகலமாக வைத்த கால்கள். நடுவில் அடிக்காமல் ஓரத்திலிருந்து சீவிக்கொண்டே வாருங்கள். புளிக்கும் வேம்புக்கும் நார் பின்னிக்கிடக்கும். கோடாலி சிக்கினால் இரும்பு ஆப்பும் சம்மட்டியும் வேண்டும். தலை மலர்ந்த ஆப்பை அரத்தால் ராவிவிட்டுத்தான் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இரும்புத் துணுக்கு தெறித்துக் கண்ணில் பாயும். கணுவுள்ள முண்டுகளோடு மல்லுக்கட்டாமல் ரம்பத்தால் அறுத்துவிடுங்கள். சீமைக்கருவேலம் முழுக்க உலர்ந்தால் கல்லாகிவிடும். அதில் ஈரம் இருக்கும்போதே பிளந்துவிடுவது லாபம்.

காயவைத்தல், அடுக்குதல், எரிக்கக் கூடாதவை

நின்றபடியே பட்ட மரம் என்பதால் விறகும் காய்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். கிளை காய்ந்திருக்கும், அடிமரத்தின் நடுவில் ஈரம் இருக்கும். 10 செ.மீ. தடிமனுக்குள் பிளந்து, கோடையில் இரண்டு மூன்று மாதம் காற்றோட்டமாக வையுங்கள். காய்ந்ததா என்று பார்க்க, ஒரு துண்டில் அடையாளம் போட்டு வாரத்துக்கு ஒருமுறை எடை போடுங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது. முனையில் வெடிப்பு விழுந்திருப்பதும், இரண்டு துண்டுகளைத் தட்டினால் கணீரென்பதும் அதற்கான அடையாளங்கள்.

வேம்பு, புளி, கருவேலம், சவுக்கு நின்று எரிபவை. முருங்கை, இலவம், ஒதியம் எல்லாம் பருமன் காட்டி ஏமாற்றும். ஒதி பெருத்து உத்திரம் ஆகாது என்பது விறகுக்கும் பொருந்தும். அவற்றைத் தீமூட்டச் சுள்ளியாக வைத்துக்கொள்ளலாம்.

அரளி, மஞ்சள் அரளி, கள்ளி வகைகள், சேங்கொட்டை ஆகியவற்றை அடுப்பில் வைக்கவே கூடாது. புகையே நஞ்சு அல்லது கடும் எரிச்சல் தரும். சேங்கொட்டையின் சாறு தோலைக் கொப்புளமாக்கும். பிச்சாவரம் பக்கத்தில் வளரும் தில்லையின் பால் கண்ணைக் குருடாக்கக் கூடியது, வெட்டவும் வேண்டாம் எரிக்கவும் வேண்டாம். வண்ணம் பூசிய கட்டை, மருந்தடித்த கம்பம் ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேரும்.

அடுக்கைத் தரையிலிருந்து 15 செ.மீ. உயர்த்தி, கல் மேல் கட்டை போட்டு அமையுங்கள். மேலே தகரமோ ஓலையோ போட்டு, பக்கங்களைத் திறந்து விடுங்கள். தார்ப்பாயால் முழுக்கப் போர்த்தினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். 1.2 மீட்டருக்கு மேல் உயரம் வேண்டாம், சரியும். வீட்டுச் சுவரை ஒட்டியும் வேண்டாம், கறையான் அதன்வழியே நிலைக்கும் கதவுக்கும் ஏறும். ஐப்பசி மழைக்குமுன் அடுக்கி முடித்துவிடுங்கள். விறகு எடுக்கப் போகும்போது பகலென்றாலும் முதலில் கம்பால் அடுக்கைத் தட்டி, சிறிது பொறுத்து, மேல்வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். இருட்டில் எடுக்க நேர்ந்தால் டார்ச் இல்லாமல் கை வைக்காதீர்கள்.